பெயர் தெரியாத மாத்திரையும் மயக்க ஊசியும்

"அம்மா, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சுகர், பிரஷர் எதுவும் இல்லைங்க சார். மாத்திரையே சாப்பிடுறதில்லை."

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விக்கு இப்படியொரு பதில் வந்தால், அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடக் கூடாது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளி என்றால் இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும். பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. "மேலு வலிக்கு ஒரு செட்டு குடுங்கண்ணே" என்று மருந்துக்கடையில் வாங்கும் பொட்டலம் அவர் கணக்கில் மருந்தே இல்லை. டீ குடிப்பது போல அது ஒரு பழக்கம்.

2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் இந்தப் பகுதியின் பொட்டிபுரம் என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. ஆனால் அந்த மலையடிவார ஊர்களின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய். விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன; பொழுது சாய இறங்குகின்றன. ஏலச்செடியில் காய் தட்டையின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். ஈரச் சரிவு, நெருக்கியடித்த ஜீப், மீண்டும் மறுநாள் அதே வேலை. இடுப்பும் முட்டியும் கடுக்காமல் இருந்தால்தான் வியப்பு. வலிக்காக ஒருநாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. வலி மாத்திரை கேட்கும் பெண்ணைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. எச்சரிக்கை அவருக்குக் கொடுக்கப்படும் பொருளைப் பற்றியது.

'செட்' என்பது அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள். கத்தரிக்கும்போது பெயர் போய்விடுகிறது. காலாவதி தேதியும் போய்விடுகிறது. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி நிவாரணி இருக்கும். வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று இருக்கும். சில கடைகளில் கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் இருக்கும்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் அல்லது பிரெட்னிசொலோன். மூன்றுமே ஸ்டீராய்டுகள். 'அந்தக் கடை செட்டு சட்டுனு கேக்கும்' என்று ஒரு கடைக்குப் பெயர் வருவது பெரும்பாலும் இந்தச் சின்ன மாத்திரையால்தான்.

அது கேட்கும் என்பதில் சந்தேகமே இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ உலகமே கொண்டாடிய அந்த மருந்தின் மறுபக்கம் இரண்டே ஆண்டுகளில் அறுவை அரங்கில் தெரிந்தது. 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு நோயாளியின் விவரம் வெளியானது. வயது 34. மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்தவர். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்காக மருந்தை நிறுத்தியிருந்தார்கள். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது, எந்தச் சிகிச்சைக்கும் ஏறவில்லை, இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் சுருங்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டே இதே போன்ற இன்னொரு மரணமும் பதிவானது.

காரணம் எளிமையானது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நாளும் கார்ட்டிசோல் சுரக்கிறது. காய்ச்சல், காயம், அறுவை என்று உடம்புக்கு நெருக்கடி வந்தால் அதைப் பல மடங்கு கூட்டிச் சுரந்து ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அதே பொருளை மாத்திரையாக வாரக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால், மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் உத்தரவு நின்றுவிடுகிறது. உத்தரவு வராத சுரப்பி சுருங்குகிறது. நெருக்கடி வரும் நாளில் அதால் எழுந்திருக்க முடிவதில்லை. மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை இயல்பிலேயே ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பவை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரும் இடம் அறுவை மேசை.

கார்ட்டிசோல் இல்லாத உடம்பு நெருக்கடியில் என்னவாகும் என்பதை மயக்கவியல் துறை தன் சொந்த மருந்து ஒன்றின் மூலமும் கற்றது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து சொட்டுச் சொட்டாகச் செலுத்திய நோயாளிகளிடையே இறப்பு கூடியிருப்பதை 1983இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் லெடிங்ஹாமும் வாட்டும் லான்செட் இதழுக்கு எழுதினார்கள். அந்த மருந்து அட்ரீனல் சுரப்பியின் வேலையைத் தடுக்கிறது என்பது பிறகு நிறுவப்பட்டது. தொடர்ந்து செலுத்தும் வழக்கம் அதோடு நின்றது.

எவ்வளவு ஸ்டீராய்டு எடுத்தால் ஆபத்து? பிரிட்டன் மயக்க மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் நாளுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், அல்லது அதற்கு ஈடானதை, நான்கு வாரம் எடுத்திருந்தாலே அட்ரீனல் அடங்கியிருக்கக்கூடும் என்று கொள்ளச் சொல்கிறது. 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் அதற்கு ஈடு. கடையில் கிடைக்கும் சின்ன மாத்திரை 0.5 மில்லிகிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. காய் எடுப்புக் காலம் மாதக்கணக்கில் நீள்வது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கான மாற்று வழி அரிய மருந்தல்ல. அதே வழிகாட்டுதலின்படி மயக்கம் கொடுக்கும்போது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம். விலை குறைந்த, அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாக இருக்கும் மருந்து. போட வேண்டும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் போவதற்குக் காரணம் பெயரில்லாத பொட்டலம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டெக்ஸாமெத்தசோன் கெட்ட மருந்து அல்ல. அறுவைக்குப் பின் வரும் குமட்டலைத் தடுக்க மயக்க மருத்துவர்களே அதை ஒரு தவணை ஊசியாகப் போடுகிறார்கள். அப்படிப் போட்ட 8 மில்லிகிராம் அறுவைக் காயத்தில் கிருமித்தொற்றைக் கூட்டுகிறதா என்று 8,880 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது, கூட்டவில்லை. 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை இதே மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. காரணம் தெரிந்து, அளவு தெரிந்து, நாள் கணக்கு வைத்துக் கொடுத்தால் அது உயிர் காக்கும். யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போவதுதான் கொல்கிறது. அதுவும் முதலில் நல்லது செய்வது போலவே தெரியும். பசி எடுக்கும், கன்னம் உப்பும், "ஆளு தேறிட்டா" என்று அக்கம்பக்கம் சொல்லும். தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கன்றிப் போவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு பொடிவதும் பிறகுதான் வெளியே தெரியும்.

செட்டில் இருக்கும் மற்ற மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார்: உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைத் தயாரிப்பதை அவை தடுக்கின்றன. வலியைத் தூண்டும் அதே பொருள்தான், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்து வைத்திருக்கிறது. நன்றாகத் தண்ணீர் குடித்து ஓய்வாக இருப்பவருக்கு அந்த உதவி பெரிதாகத் தேவைப்படாது. வியர்க்க வியர்க்க வேலை செய்பவருக்குத் தேவை. தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இன்னும் தேவை. அந்த நேரத்தில் மாத்திரை அந்தக் குழாயை இறுக்கிவிடுகிறது.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. 80 கிலோமீட்டர் ஓடும் நீண்ட தூர ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு நான்கு மணி நேரத்துக்கொருமுறை 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும், மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். ஓட்டம் முடிந்தபோது மருந்து சாப்பிட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், சாப்பிடாதவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகம் பாதித்திருந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 89 பேர்தான். ஆகவே இந்த எண்களைத் துல்லியமானவையாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அவர்கள் பயிற்சி எடுத்த, ஆரோக்கியமானவர்கள்; மாத்திரை சாப்பிட்டது அந்த ஒரு ஓட்டத்தின்போது மட்டும்தான். நம்மவர்கள் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து வேறு வகையில் கூடுகிறது. எனாலபிரில், லோசார்ட்டான் வகை மருந்தோடு, சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்து, அவற்றின் மேல் வலி நிவாரணியும் விழுந்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 4,87,372 ரத்த அழுத்த நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 2013இல் வந்த முடிவு: திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதல், முதல் 30 நாட்களில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம் கூடுதல். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். மாத்திரை கொடுக்க வரும் அந்தப் பெண் ஊழியர் "கடையில வலி மாத்திரை வாங்குறீங்களாக்கா?" என்று கூடவே ஒரு கேள்வி கேட்டால் அதன் பயன் இன்னும் கூடும்.

வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் வயிற்றில் சேர்ந்தால் நடப்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் முதியவர்களிடையே நடந்து 1991இல் வெளியான ஆய்வில், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இரைப்பைப் புண் வரும் ஆபத்து, இரண்டுமே எடுக்காதவர்களைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. புண் ஆழமாகிக் குடல் ஓட்டையானால் வயிறு பலகையாக இறுகி, தாங்க முடியாத வலி வர வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அந்த அறிகுறியே மங்கிவிடும். வயிறு லேசாகக் கனக்கிறது என்று இன்னொரு செட் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது நாள் கடந்திருக்கும்.

அவசர அறுவை. போடி அரசு மருத்துவமனையிலிருந்து, 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் கானாவிலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசைக்கு வரும் நோயாளியின் வயிற்றில் சீழ். சிறுநீரகம் ஏற்கெனவே வறண்டிருக்கிறது. அட்ரீனல் உறங்கிக் கிடக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் 55க்குக் கீழே ஒன்று முதல் ஐந்து நிமிடம் போனாலே சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பாதிப்பு கூடுவதாக, 33,330 அறுவை சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்த கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வு 2013இல் சொன்னது. இந்த நோயாளிக்கு அழுத்தம் அதற்குக் கீழே போகும். போனால் லேசில் திரும்பாது. கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.'

உழைக்கும் ஊர் ஒன்று வலிப் பொடிக்குப் பழகி அழிந்த கதை உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்வீடனில் ஹஸ்க்வர்னா என்ற ஆயுதத் தொழிற்சாலை நகரம். 1918 இன்ஃப்ளூயன்சா காய்ச்சலின்போது அங்கே ஹியோர்ட்டன் என்ற மருத்துவர் ஃபினாசெட்டின், ஃபினசோன், காஃபின் கலந்த பொடியொன்றை எழுதிக்கொடுத்தார். காய்ச்சல் போனது, பொடி போகவில்லை. தொழிலாளர்கள் அதை வேலைக்குத் தெம்பு தரும் பொருளாகத் தினமும் சாப்பிட்டார்கள். பிறந்தநாள் பரிசாகக்கூடக் கட்டிக் கொடுத்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பவர்கள் கூடினார்கள். 1961இல் ஸ்வீடன் ஃபினாசெட்டினை மருத்துவர் சீட்டுக்கு மட்டும் என்று ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் பெக்ஸ், வின்சென்ட் பொடிகளால் இதே கதை நடந்து, 1979இல்தான் கட்டுப்பாடு வந்தது. இந்தியாவில் ஃபினாசெட்டின் 1983 தடைப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தத் தடைகளில் இன்னொன்றும் உண்டு. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் ஸ்டீராய்டை வேறு மருந்தோடு ஒரே மாத்திரையாகக் கலக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு மட்டும் விலக்கு. அதாவது, வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் கலந்த ஒரு மாத்திரையை எந்தக் கம்பெனியும் தயாரிக்க முடியாது. கடையில் ஒரு துண்டுத் தாள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்பது கடைக்காரருக்கும் தெரியும், மருந்து ஆய்வாளருக்கும் தெரியும். இதைச் சின்னத் தவறாக எண்ணிக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஏலத்தோட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் மயக்க மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஏலச்செடிக்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் வராமல் இருக்க அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். குயினால்ஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அதில் உண்டு. இவை உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குபவை. ஸ்கோலின் என்று மருத்துவமனைகளில் அழைக்கப்படும் சக்சினைல்கோலின், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி. வயிறு நிறைந்த நிலையில் வரும் அவசர நோயாளிகளுக்கு அதிகம் பயன்படுவது. ரத்தத்தில் இருக்கும் அந்த நொதி அதைச் சிதைப்பதால் ஐந்து பத்து நிமிடத்தில் விளைவு தீர்ந்து, மூச்சு திரும்பும். நொதி குறைந்திருந்தால் திரும்பாது, நேரம் நீளும். மருந்தடிப்பை நிறுத்திய பிறகும் நொதி பழைய அளவுக்கு ஏறச் சில வாரங்கள் ஆகும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் மருந்தடிப்பவர் இதைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு வருகிறார்.

அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், அங்குள்ள வைசிய சமூகத்தினரில் ஏறத்தாழ 24 பேருக்கு ஒருவரிடம் அந்த நொதியின் செயல்பாடே இல்லை என்று கண்டார்கள். மேலைநாட்டு மக்களிடையே காணப்படுவதைவிட இது சுமார் 4,000 மடங்கு. அவர்கள் மற்றபடி முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள். ஸ்கோலின் போடும்வரை வேறுபாடே தெரியாது. வெண்டிலேட்டரில் வைத்து மயக்கத்தையும் தொடர்ந்தால் ஆபத்தில்லை. தெரியாமல் மயக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டால், நினைவு திரும்பியும் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்க நேரும். வீட்டில் யாருக்காவது "ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரலை" என்று முன்பு சொல்லியிருந்தால், அதை மறக்காமல் சொல்லுங்கள். மாற்று ஊசிகள் இருக்கின்றன.

வலி மாத்திரைப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பல பெண்கள் பிரசவ ஆபரேஷனைச் சொல்வார்கள்: "முதுகுல ஊசி போட்டதுலேருந்து இந்த இடுப்பு வலி." ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிப்பது உண்மை. ஆண்டுக்கணக்கில் நீளும் வலிக்கு ஊசி காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. பிரசவ வலிக்காக எபிடியூரல் ஊசி போட்ட பெண்களையும் போடாதவர்களையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த பிரிட்டன் ஆய்வு 2002இல் வெளியானது. இரு பக்கத்திலும் இடுப்பு வலி ஒரே அளவில்தான் இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு போதிய ஓய்வில்லாமல் மீண்டும் குனிந்து காய் எடுக்கப் போனதையும், தசைகளுக்கு உரிய பயிற்சி கிடைக்காததையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசியின் மேல் பழி போட்டுவிட்டால் மாத்திரை ஒன்றுதான் வழி என்று ஆகிவிடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு என்பதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

மருந்துக்கடையில் வாங்கினால் முழு அட்டையாகவோ, பெயர் தெரியும் துண்டாகவோ கேளுங்கள். கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். பெயரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் அந்தப் படம் இருக்கட்டும், அவசரத்தில் பேசப்போவது அவர்கள்தான். வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கும் நாளில் டைக்ளோஃபெனாக் வகையைத் தொடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படிவத்தில் 'ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா' என்று இருப்பதை வாசித்தால் இங்கே பதில் வராது. "கடையில செட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களா, எத்தனை மாசமா, சின்ன வெள்ளை மாத்திரை இருந்துச்சா, மருந்தடிக்கப் போனீங்களா" என்று கேட்டால் வரும்.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பொட்டலத்தைத் தூக்கி எறிய நினைப்பவர்களுக்கு: வாரக்கணக்கில் செட் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. சுரப்பி உறங்கிக் கிடக்கும்போது மாத்திரையும் நின்றால், அறுவை மேசைக்குப் போகாமலே அதே சரிவு வரலாம். மீதமிருக்கும் மாத்திரைகளோடு அரசு மருத்துவமனைப் பொது மருத்துவரிடம் போய், எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் காலையில் கார்ட்டிசோல் அளவைப் பார்த்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். சுரப்பி முழுதாக விழிக்கச் சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். அதுவரை எந்த ஆபரேஷனுக்கும், பல் பிடுங்கப் போனாலும், ஸ்டீராய்டு எடுத்த விவரத்தைச் சொல்ல வேண்டும். இடையில் ஓயாத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், காரணமில்லாத மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐக் கூப்பிட்டு, வருபவரிடம் முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள்: "இவங்க செட்டு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க."